கதவில்லாத இடம்

அந்தப் பழைய மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். மூடிக் கிடந்த கட்டடத்தை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர் என் மாமா, அக்கா புருஷன். முன்பு அதன் பின்பகுதியைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரும் அவர்தான். அப்போது என் அண்ணன் அவரிடம் எலக்ட்ரீஷியனாக இருந்தான். வேலை முடிவதற்குள் எங்களை விட்டு ஓடிப்போனான். அவன் பஸ் ஏறியதை மாமாவே கண்ணால் பார்த்தாராம். அன்றிலிருந்து அம்மா அவனைச் சபிக்காத நாளில்லை. எனக்கும் ஆறாத கோபம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா?

என் தொழிலைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். காற்று, விளக்கு, தீ எச்சரிக்கை எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ள வேண்டுமானால், கட்டடத்தின் சொற்கள் அதற்குப் புரிய வேண்டும். தளம் என்றால் என்ன, அறை என்றால் என்ன, ஒன்று இன்னொன்றின் பக்கத்தில் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கம் எழுதித் தருவது என் வேலை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் இல்லாவிட்டால் அது ஓர் இடமா, இரண்டா என்று ஊரோடு சண்டை போட்டே சோறு தின்கிறேன்.

இடம் என்பதற்கு நான் எழுதிய விளக்கம் எளிமையானது. நாலாபுறமும் அடைபட்டு, உள்ளே ஓர் ஆள் நிற்க முடிந்தால் அது இடம். கதவைப் பற்றி அதில் பேச்சே கிடையாது.

கீழ்த்தளத்தில்தான் அளவு இடித்தது. மருந்துக் கிடங்கின் சுவர் ஓரிடத்தில் முடிகிறது. பக்கத்துச் சலவை அறையின் சுவர் நன்றாகத் தள்ளித் தொடங்குகிறது. நடுவே ஓர் ஆள் நின்று திரும்பும் அளவுக்கு வெற்றிடம். மேல்மாடியிலிருந்து குழாய்கள் இறங்கும் பள்ளமாக இருக்கும் என்று நினைத்து, அதையும் ஓர் இடமாகப் பதிந்தேன்.

திரையைப் பார்த்ததும் மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அது சுவர்மா. சுவர்னே போடு."

"உள்ள காலியா இருக்கே மாமா."

"கதவு இல்லாததெல்லாம் ஒரு இடமா? கதவு இருந்தாத்தான் இடம்னு உன் விளக்கத்தை மாத்து. நாளைக்குக் கான்கிரீட் ஊத்தி நிரப்பப் போறேன். அதுக்குள்ள ஒண்ணும் இல்ல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லையே! ஒரு விளக்கத்துக்காக ஒரு மனுஷன் இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. அவர் மேலே போன பிறகும் விளக்கத்தை மாற்ற எனக்குக் கை வரவில்லை.

கீழ்த்தளத்தில் நான் மட்டும். ஈரச் சுண்ணாம்பு வாடை. எங்கோ ஒரு விளக்கு விட்டு விட்டு ரீங்கரித்தது. ஆட்கள் இருப்பதை உணரும் கருவிகளை ஒவ்வோர் அறையிலும் பொருத்தியிருந்தார்கள். சோதித்துப் பார்த்தேன். கிடங்கில் யாரும் இல்லை. சலவை அறையில் யாரும் இல்லை. நடைபாதையில் ஒருவர். அது நான்.

நடுவில் இருந்த அந்த வெற்றிடத்திலும் ஒருவர்.

அங்கே எந்தக் கருவியும் இல்லை.

பதிவை அழித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன். ஒருவர். கிடங்குக்குள் போய்ச் சுவரில் கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றிபோல் கொதித்தது. கருகிய ஒயர் நாற்றம் குப்பென்று வந்தது. காதை ஒட்டவைத்தேன்.

மூச்சு.

இழுத்து, நின்று, மெல்ல விடுகிற மூச்சு.

"வாலு..."

என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான்.

"அண்ணா?"

"மச்சானைக் கூப்பிடு வாலு... நான் உள்ள இருக்கிறது அவருக்குத் தெரியாது."

பயத்தைவிட அந்தப் பேச்சுத்தான் நெஞ்சை அறுத்தது. பாவி, இன்னமும் மாமாவைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். நாங்களோ இத்தனை காலமும் அவனைத் திட்டித் தீர்த்தோம்.

விளக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கட்டடப் பதிவை அப்படியே தீயணைப்புத் துறைக்கு அனுப்பினேன். ஆள் நிற்கக்கூடிய இடம் என்று பதிவானால், அதைத் திறந்து பார்க்காமல் யாரும் அடைக்க முடியாது. மறுநாள் காலை கான்கிரீட் வண்டிக்கு முன்னால் அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

சுவரை உடைத்தார்கள். அண்ணன் மூலையில் உட்கார்ந்த வாக்கில் இருந்தான், எலும்பும் சட்டையுமாக. கால் எலும்பு ஒன்று முறிந்திருந்தது.

போலீஸ் வண்டியில் ஏறும்போது மாமா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மேலேருந்து பள்ளத்துல விழுந்துட்டான்மா. செத்துட்டான்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா வேலையை நிறுத்திடுவாங்கன்னு பயந்து அடைச்சுட்டேன்."

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் அக்காவுக்குப் போன் செய்தேன். புருஷன் போலீஸில், தம்பியும் கிடைத்தது இப்படி. அவள் கதறுவாள் என்று நினைத்தேன். அவள் அழவே இல்லை.

"அவன் செத்துட்டான்னு நெனச்சாராம் அக்கா."

"இல்லடி. அவன் அப்ப சாகல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அன்னைக்கு நான் சாப்பாடு எடுத்துட்டுப் போயிருந்தேன். பூச்சு ஈரமா இருந்துச்சு. உள்ளேருந்து தட்டினான். தட்டிக்கிட்டே இருந்தான். உங்க மாமா என் கையைப் பிடிச்சு, வீட்டுக்குப் போலாம் வான்னாரு. வந்துட்டேன்."

மாமா வெளியாள். இவள் எங்களோடு ஒரே வயிற்றில் பிறந்தவள். அம்மா அவனைச் சபிக்கும்போதெல்லாம் இவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டாளே!

போனில் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

"உங்க வீட்டுல யாரோ தட்டுறாங்க. போய்ப் பாரு."

"வாசல்ல யாரும் இல்லடி." அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "நான் சாஞ்சு உக்காந்திருக்கிற சுவருடி."

நான் ஆறுதல் சொல்லவில்லை. போனை வைக்காமல் இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தோம். அது நிற்கவில்லை.