நாற்பதாவது வாய்

மின்விசிறியைக் காலையிலேயே நிறுத்தியாகிவிட்டது. இருந்தும் பொம்மைகளின் பாவாடை ஆடிக்கொண்டிருந்தது.

கூடத்தின் குறுக்கே கட்டிய துணிக்கொடியில் முப்பத்தொன்பது தேவதைகள் தொங்கின. மரமணியில் தலை, பஞ்சு சுற்றிய கம்பியில் கைகால், துணிப்பூவிலிருந்து பிய்த்தெடுத்த இதழ்களில் பாவாடை, தையல் நூலில் முடி. இதழ்கள் பறந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்திக் கொக்கியும் போட்டிருந்தாள். மழைக்கு முந்தைய புழுக்கம், உருகிய பசையின் நெடி, கழுத்தோரம் இறங்கும் வியர்வை. காற்று என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்தக் கூடத்தில் முப்பத்தொன்பது பாவாடைகளும் ஒன்றாக உப்பின, ஒன்றாக அமுங்கின, தூங்குகிறவர்களின் வயிறு மாதிரி.

கண்ணுக்கு அலுப்பு என்று தீர்ப்பு எழுதிவிட்டு, நாற்பதாவதுக்கு முடி ஒட்ட உட்கார்ந்தாள்.

எல்லாம் நாத்தனார் பிடித்துக் கொடுத்த வேலை. அவளுடைய மேனேஜரின் மகளுக்குப் பிறந்தநாள்; வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தேவதை. "கடையில வாங்கினா யார் வேணாலும் வாங்கலாம் அண்ணி. வீட்டுல செஞ்சதுன்னாதான் ஒரு இது." அந்த ஒரு இதுவுக்காக மூன்று நாளாக அண்ணியின் விரல்நுனிகள் வெந்து கிடந்தன. செய்முறை வீடியோவில் வந்த பெண்மணி, வீட்டில் இருக்கும் பொருட்களே போதும் என்று சிரித்தாள். யார் வீட்டில் என்று சொல்லவில்லை. "பசை இறுக முப்பது செகண்ட். அதுவரைக்கும் பொறுமையா எண்ணுங்க," என்றும் சொன்னாள். அவளுக்குக் குழந்தை இல்லை போலிருக்கிறது.

இவளுக்கு இருந்தது. எட்டு மாதம். வீட்டுக்காரர் வைத்த செல்லப்பெயர் சைரன். பால் சுட்டால் சைரன், ஆறினால் சைரன், இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சந்தேகத்தில் சைரன். தெருமுனையில் இறங்கும்போதே மகளின் குரல் கேட்கிறது என்று அவர் பெருமைப்படுவார். பகலெல்லாம் வெளியே இருந்துவிட்டு வருகிறவர் தாராளமாகப் பெருமைப்படலாம்.

மரமணியின் துளை உச்சந்தலையிலிருந்து கழுத்துக்கு இறங்க வேண்டும். கம்பியை அதில் கோர்த்தால் தலை நிற்கும். முந்தாநாள் மடியில் சைரன் அலற, கோர்க்கப் பொறுமையில்லாமல் பசை வைத்து ஒட்டிய பன்னிரண்டு தலைகளில் துளை முகத்துக்கு வந்துவிட்டது. முகத்தில் நுழைந்து பின்மண்டையில் வெளியேறும் வட்டமான ஓட்டை. பிய்த்துவிட்டு மறுபடி செய்யலாம் என்றிருந்தவளை நாத்தனார் வீடியோ காலில் தடுத்தாள்.

"ஐயோ, பிய்க்காதீங்க. வாயைத் திறந்து பாடுற மாதிரி எவ்ளோ அழகா இருக்கு. எல்லாத்துக்கும் இப்படியே வெச்சிடுங்க."

"பாடுற மாதிரியா இருக்கு? கத்துற மாதிரி இருக்கும்மா."

"நீங்க நாள் பூரா உங்க பொண்ணையே பாத்துட்டு இருக்கீங்க. அதான்."

மீதி இருபத்தெட்டும் வாய் பிளந்தன.

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்துக்குச் சைரன் தொடங்கியது. தோளில் போட்டுத் தட்டினாள், நடந்தாள், பாடினாள், கெஞ்சினாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடியே ஒட்டப் பார்த்தபோது, பசைக்குச்சியை உருக்கிக் கக்கும் க்ளூ கன்னிலிருந்து ஒரு சொட்டு புறங்கையில் விழுந்து கொப்புளித்தது. அந்தச் சின்ன முகத்துக்கு நேராகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "சனியனே, அந்த வாயை இங்க கழட்டி வெச்சுட்டுத் தூங்கித் தொலையேன்டி."

குழந்தை அவளைப் பார்த்தது. கொடியைப் பார்த்தது. தூங்கிவிட்டது.

இப்போது மணி நாலரை. நாற்பது நிமிடத்துக்கு மேல் தூங்கிய சரித்திரமே இல்லாத குழந்தை மூன்று மணி நேரமாகத் தூங்குகிறது. முதல் ஒரு மணி நேரம் அவளுக்கு அது வரமாகத் தெரிந்தது. இரண்டாவதில்கூட, தூங்கும் புலியை இடறக் கூடாது என்று இருந்துவிட்டாள். ஐந்தரைக்கு நாத்தனார் வந்துவிடுவாள்.

"ங்... ங்..."

அவள் கை நின்றது. அந்தச் சத்தம் அவளுக்கு மனப்பாடம். அலறுவதற்கு முன்னால் சைரன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம்.

போய்ப் படுக்கையறைக் கதவை ஒரு விரற்கடை திறந்தாள். குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. முதுகு ஏறி இறங்கியது. மூச்சோடு சேர்ந்து மெல்லிய விசில் ஒன்று. சளி பிடித்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

"ங்... ங்..."

பின்னாலிருந்து. கூடத்திலிருந்து.

கொடியின் இந்த முனையில் தொங்கிய பொம்மையைப் பிடித்துக் காதருகே கொண்டுபோனாள். ஓட்டையிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. பால் வாசனையோடு.

கையை உதறினாள். பொம்மை ஊசலாடியது. மற்றவை ஆடவில்லை. பாவாடைகள் எல்லாம் உப்பியபடி அப்படியே நின்றன, மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி.

பிறகு அலறின.

ஒரே குரல், ஒவ்வொரு வாயிலும் ஓர் இழையாக. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை எழுந்துவிடும். எட்டு மாதப் பழக்கத்தில் அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். குழந்தை எழுந்துவிடும்.

க்ளூ கன் சூடாகத்தான் இருந்தது. முதல் வாயில் முனையை வைத்து அழுத்தினாள். பசை உள்ளே இழுபட்டது. அலறலில் ஓர் இழை அறுந்தது. அந்தப் பாவாடை தொய்ந்து தொங்கியது.

வேலை செய்கிறது.

இரண்டாவது. மூன்றாவது. புறங்கையில் சொட்டியது, துடைக்கவில்லை. பத்து. மேஜையில் போன் அதிர்ந்து நின்றது. இருபது. பசைக்குச்சி தீர்ந்தது, வேறு செருகினாள். முப்பது. குரல் இளைத்துக்கொண்டே வந்தது. அழுது ஓய்கிற குழந்தை மாதிரி. விக்கல். விசும்பல். முப்பத்தொன்பது.

அமைதி.

மேஜையில் நாற்பதாவது கிடந்தது. பாதி முடியோடு. அதன் பாவாடை இன்னும் ஏறி இறங்கியது. கையில் எடுத்தாள். முனையை வாயில் வைத்தாள். அழுத்தினாள்.

"ம்மா," என்றது.

எட்டு மாதமாக அவள் காத்திருந்த சொல். அவள் உதட்டை மூடித் திறந்து சொல்லிக் கொடுத்த மாதிரியே.

க்ளூ கன் தரையில் விழுந்தது. பொம்மையின் வாயை நகத்தால் தோண்டிக்கொண்டே ஓடினாள். பசை விரலோடு நூல் நூலாக வந்தது. உள்ளே இருந்தது வரவில்லை.

படுக்கையறை. கட்டில்.

குழந்தை விழித்திருந்தது. மல்லாந்து கிடந்தது. முகம் அழுகையில் கசங்கி, கருஞ்சிவப்பாகி, கைகால்கள் காற்றை உதைத்தன. சத்தமில்லை. வாய் திறந்திருந்தது.

வட்டமாக.

நாக்கு இல்லை. ஈறு இல்லை. குனிந்து பார்த்தாள். அந்த வட்டத்துக்குள், மறுபக்கம், தலையணை உறையின் நீலப்பூ தெரிந்தது.

"ம்..." என்றது உள்ளங்கையில்.

பசை வெளுத்து இறுகத் தொடங்கியிருந்தது.