இல்லாத அரை மணி நேரம்

இறந்துபோன அத்தனை பேரில் ஒருத்திக்கு மட்டும் தேதி விழவில்லை.

பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டுப் பதிவுகளைக் கணினியில் ஆண்டு, மாதம், நாள், மணி எனக் கட்டங்களாகப் பிரிப்பது ஷர்மினியின் வேலை. ஈப்போவில் மாலை மழை வீட்டுக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில், காலையிலிருந்து பால் குடிக்க மறுத்த கைக்குழந்தை அழவும் தெம்பில்லாமல் தொட்டிலில் முனகியது. இந்த ஒரு வரி முடிந்தால் கிளினிக்குக்கு ஓடலாம்.

இருளாயி. பிரசவத்தில் மரணம். 31 டிசம்பர் 1981, இரவு 11.40.

கட்டங்கள் வெறுமையாகவே நின்றன. தேடிப் பார்த்தாள். அன்றிரவு பதினொன்றரைக்கு அரசாங்கமே நாட்டுக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி, நேரே பன்னிரண்டாக்கியிருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை போலும். இருளாயி இறந்த நேரம் கணக்கிலேயே இல்லை.

முதலாளி கோகிலன் போனில் அழைத்தார். பெயர் அட்டையில் ‘தலைமைத் தொலைநோக்காளர்’. தோட்டத்து மண்ணை டுரோன் படத்தில் மட்டும் மிதித்தவர்.

“என்னம்மா, முடியலையா? நம்ம தொகுதி ஒய்.பி. வந்து திறப்பு விழா பட்டன அமுக்கணும்லா.”

“அப்படி ஒரு நேரமே கிடையாது பாஸ். சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது.”

“இல்லன்னா நாம குடுப்போம். இன்னைக்கி தேதி, இப்ப மணி. போட்டு விடு.”

“பிள்ளைக்கி முடியல பாஸ்…”

“போட்டுட்டு போலா. இங்க பஃபே ஆறுது.”

போட்டாள். கட்டங்கள் நிறைந்தன.

மழைச் சத்தத்துக்கு அடியில், ஈரச் சேலை தரையில் இழுபடுவதுபோல் ஒன்று பின்வாசலில் தொடங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பவளின் தயக்கத்தோடு கூடத்தைக் கடந்து, புகையில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையை விட்டுவிட்டு, குழந்தையின் அறைக்குள் போனது.

முனகல் நின்றது.

ஷர்மினி அந்த வரியை அழித்தாள். தானாகவே மீண்டும் நிறைந்தது. அழித்தாள். நிறைந்தது.

தொட்டிலைத் தொங்கவிட்ட கம்பிச்சுருள் கிறீச்சிட்டது. பிறகு சப்பும் ஒலி. நிதானமாக. பசி தீரத் தீர.

கதவைத் தள்ளினாள்.

யாருமில்லை. தொட்டில் மட்டும் ஏதோ பாரத்தில் தரையைத் தொட்டுக் கிடந்தது. குழந்தையை வாரி எடுத்தாள். வாயோரம் வெள்ளையாக வழிந்திருந்தது. துடைத்தாள். வரவில்லை. பிடித்து இழுத்தாள். ரப்பர் பால்போல் நூலாக நீண்டது. அறுபடவில்லை. மறுமுனை வெறுங்காற்றில் விறைத்து நின்றது.

அந்தப் பக்கமிருந்தும் யாரோ மெல்ல இழுத்தார்கள்.

குழந்தை அங்கே முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்தது.