வரம்பைத் தாண்டியதா?

பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் தனியாக வைத்த பிறகும் அந்த மீட்டரின் சின்னத் திரையில் மூன்று கோடுகள் அணையாமல் நின்றன. காலேப் அதைத் திருப்பிப் பார்த்தான், குலுக்கினான், பேட்டரி இருந்த பள்ளத்தில் விரலை விட்டுத் துழாவினான். வெறும் ஈரம். விரலை மோந்து பார்த்துவிட்டு, ஏன் மோந்தோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு. அழுகிய முட்டை நாற்றம் என்று சொன்னால் முட்டை மானநஷ்ட வழக்குப் போடும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழிகள் அத்தனையும் கூடி நின்று சாபம் விட்டாற்போன்ற நெடி அது.

வெளியே டிசம்பர் மழை. மழையா அது? நோவா பார்த்திருந்தால் பேழைக்கு இன்னொரு மாடி கட்டியிருப்பார். சேலையூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் ரோடு எது, ஏரி எது என்று எருமைகளே குழம்பிப்போய் நின்றன. சாப்பிட்ட சோறு செரிக்கும் முன்பே இருட்டிக்கொண்டு வந்து, கரண்ட்டும் போய், இன்வெர்ட்டர் தயவில் ஒரே ஒரு டியூப்லைட் எரிந்தது. அந்த இன்வெர்ட்டர் போட்ட முனகலுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கேள்வி கேட்காமல் பெட் கொடுப்பார்கள். மனைவி ஜெரூஷா கேரல் பிராக்டிஸுக்காக கிழக்குத் தாம்பரம் சர்ச்சுக்குப் போயிருந்தாள். வீட்டில் காலேப்பும் லேப்டாப்பும் இந்த மீட்டரும்தான்.

காலேப்பின் கம்பெனி நாவலூரில் இருக்கிறது. அவர்கள் செய்து விற்பது ஒரு லைப்ரரி. புத்தகம் அடுக்கும் லைப்ரரி அல்ல. கூட்டல், சராசரி, ஏற்ற இறக்கம் என்று கணக்குகளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், கருவி செய்கிறவர்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் கருவிக்குள் போட்டுக்கொள்வார்கள். தராசு, தண்ணீர் மீட்டர், இதோ இந்த விஷவாயு மீட்டர் என்று எல்லாவற்றின் வயிற்றிலும் காலேப் சமைத்த கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் படப்பையைத் தாண்டி ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டிக்குள், சிட்டிபாபு என்ற தொழிலாளி இந்த மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். வாயு வரம்பைத் தாண்டினால் அது கூவ வேண்டும். கூவவில்லை. அங்கிருந்த கேமராவில் எல்லாம் பதிந்திருந்தது. ஏணியில் பாதி இறங்கி நிற்கிறார். நகத்தால் திரையை டொக் டொக்கென்று தட்டிப் பார்க்கிறார். சத்தமில்லை, அப்படியென்றால் சரி என்று மேலே இருப்பவர்களைப் பார்த்துத் தலையசைக்கிறார். இறங்குகிறார். அதற்கப்புறம் தொட்டியின் வாய் மட்டும்தான். காலேப் அந்த வீடியோவை ஆபீஸில் பார்த்தான், வீட்டில் பார்த்தான். இப்போதெல்லாம் பார்க்காதபோதும் பார்த்தான்.

பிழை எங்கே, யார் செய்தது என்று கண்டுபிடித்து மாலைக்குள் ரிப்போர்ட் எழுதும் பொறுப்பை மேனேஜர் சுகுமார் அவனிடம்தான் கொடுத்திருந்தான். திருடனைப் பிடிக்கத் திருடனையே ஏட்டய்யாவாக்கிய கதை. ஏனென்றால் காலேப்புக்குத் தேடவேண்டிய அவசியமே இல்லை.

சென்சாரில் ஈரம் ஏறினால் அது ஊமையாகிவிடும். அப்போது லைப்ரரியின் கைக்கு வந்து சேருவது பூஜ்ஜியம்கூட அல்ல, எண்ணே அல்லாத ஒன்று. திரையில் மூன்று கோடுகளாக நிற்பது அதுதான். கணக்கு உலகத்தில் அது ஒரு தனிப் பிறவி. வரம்பைவிட அதிகமா என்று கேட்டால் இல்லை என்னும். குறைவா என்றாலும் இல்லை. சமமா, இல்லை. போகட்டும், நீ நீதானா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்றுதான் பதில் வரும். இது போதாதென்று, தொட்ட எண்ணையெல்லாம் தன்னைப்போலவே ஆக்கிவிடும். லட்சம் நல்ல எண்களோடு அதைக் கூட்டினாலும் கடைசியில் மிஞ்சுவது அது ஒன்றுதான். அதனால் அதை வாசலிலேயே மறித்து அலறுவதற்கென்று ஒரு வரி ஆரம்பத்தில் லைப்ரரியில் இருந்தது. மழைக்காலத்தில் மீட்டர்கள் சும்மா சும்மா கத்துகின்றன என்று வாடிக்கையாளர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய டெமோவுக்கு முந்தின நாள் காலேப் அந்த வரியைத் தூக்கிவிட்டான். மீட்டர்கள் சமர்த்தாகிவிட்டன. கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். கேக்கின் பெரிய துண்டு காலேப்புக்கு.

பிற்பாடு சர்வர் மாற்றியபோது பழைய மாற்றங்களின் சரித்திரம் அழிந்துபோனது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜீவிதா அந்தக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் ஒழுங்காகத் தள்ளி இடைவெளி விட்டு அழகுபடுத்தினாள். அவ்வளவுதான். இன்று இதை யார் எழுதியது என்று கம்ப்யூட்டரைக் கேட்டால், வரிக்கு வரி ஜீவிதா என்றது.

அவளே போன் செய்தாள்.

"அண்ணா, பிஸியா?"

"சொல்லும்மா."

"அந்த ஃபைல் பூரா என் பேரு காட்டுதுண்ணா. நான் ஸ்பேஸ் மட்டும்தாண்ணா சரி பண்ணேன். சுகுமார் சார் காலையிலேருந்து என் முகத்தையே பாக்க மாட்டேங்கறாரு. ரிப்போர்ட்ல வர்ற பேரை போலீஸ்ல குடுத்துடுவாங்களாமே?"

"பாக்கறேன்மா."

"நீங்கதான் பாக்கறீங்கன்னு தெரிஞ்சப்புறம்தாண்ணா நான் சோறே சாப்பிட்டேன்."

காலேப் போனைக் கவிழ்த்து வைத்தான். கேரல் பாட வந்தவர்கள் டீ கொடுக்கும்வரை நகராமல் நிற்பதுபோல, அந்தக் கடைசி வாக்கியம் வாசலிலேயே நின்றது. நான்தான் தூக்கினேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினான், அழித்தான். வீட்டுக் கடன், சர்ச்சில் தனக்கிருக்கும் மரியாதை, ஜெரூஷாவின் முகம். மறுபடி எழுதினான். மறுபடி அழித்தான். கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

டொக் டொக்.

கண்ணாடிமேல் நகம் படும் ஒலி. காலேப் மீட்டரைப் பார்த்தான். அது பேசாமல் கிடந்தது. மழைதான் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் பாத்ரூம் பக்கமிருந்து அந்த நெடி, முதலில் கோடு மாதிரி, பிறகு துணி மாதிரி, ஹாலுக்குள் விரிந்து வந்தது. சோபா நாறியது. திரைச்சீலை நாறியது. சுவரில் தொங்கிய வசனக் காலண்டர்கூட நாறியது.

இன்டர்காம் அலறியது. கீழே செக்யூரிட்டி பொன்னுசாமி.

"சார், ஒரு ஆளு வந்துகீறாரு. முழுக்க நனைஞ்சிகினு. எந்த வூடுன்னு கேட்டா, இல்லன்றாரு. பார்சலா, இல்லன்றாரு. பேரையாவது சொல்லுய்யான்னா அதுக்கும் இல்லன்றாரு. ஒரே பேஜாரு சார்."

"அதுக்கு எனக்கு ஏன் போன் பண்றீங்க?"

"உங்க வூட்டு ஜன்னலையே பாத்துகினு கீறாரே. குளுருல நடுங்குறாரு சார், பாவம். இருங்க, கையப் புடிச்சி உள்ளாற உக்கார வெச்சிட்டு வரேன்."

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம். மழை இரைச்சல். பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபட்டது. அப்புறம் யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

"பொன்னுசாமி?"

"இல்லை."

குரல் பொன்னுசாமியுடையதேதான். ஆனால் அந்த வாயில் எந்தச் சொல்லும் முழுதாக வந்து காலேப் கேட்டதில்லை. இது அச்சடித்ததுபோல, ஒரு எழுத்துக்கூடத் தேயாமல் வந்தது.

லிஃப்ட் ஓடவில்லை. ஆகவே படிக்கட்டு. தண்ணீர் நிறைந்த ரப்பர் பூட்ஸ் ஒவ்வொரு படியிலும் தன்னைப் பிழிந்துகொண்டு ஏறும் சத்தம், தளத்துக்குத் தளம் ஓய்வெடுத்து, அவசரமே இல்லாமல், ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தது. காலேப் கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். சங்கிலியைப் போட்டான். ஒரு நாற்காலியையும் முட்டுக்கொடுத்தான்.

டொக் டொக்.

"யாரு?"

கதவிலிருந்த லென்ஸில் பார்த்தான். கறுப்பு. வராந்தாவின் இருட்டு அல்ல, லென்ஸை ஒட்டி நிற்கும் ஏதோ ஒன்றின் கறுப்பு.

"சிட்டிபாபுவா?"

"இல்லை."

முட்டுக்கொடுத்த நாற்காலியில் கையை ஊன்றிக்கொண்டான். நிம்மதியில்தான். "படப்பையிலேருந்தா?"

"இல்லை."

காலேப் நெற்றியைக் கதவில் சாய்த்தான். மரம் குளிர்ந்திருந்தது. ஒரு வாரமாகக் கர்த்தரிடம்கூடக் கேட்கத் துணியாத கேள்வி தானாக வெளியே வந்தது.

"என்னாலதானா?"

"இல்லை."

அடடா, எவ்வளவு இதமாக இருந்தது அந்தச் சொல். காதில் விழுந்ததும் மார்பில் கட்டியிருந்த பாறாங்கல் பஞ்சாகிப் பறந்தது. அவனால் அல்ல. சிட்டிபாபுவின் கையில் இருந்த மீட்டரும் இதே பதிலைக் கேட்டுத்தான், இதே நிம்மதியோடு, பேசாமல் இருந்தது. காலேப் அதை யோசிக்கவில்லை. நேராக லேப்டாப்புக்கு வந்தான். பிழைக்குக் காரணமானவர் என்ற இடத்தில் ஜீவிதா என்று தட்டினான். அனுப்பினான்.

நாற்றம் நின்றது.

குறையவில்லை. நின்றது. அறை சுத்தமாக, துடைத்ததுபோல, வாசனையே இல்லாமல் இருந்தது. தொழிற்சாலைக்குப் போயிருந்தபோது ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது: நாறுற வரைக்கும் பயமில்ல சார், நாத்தம் நின்னுட்டா ஓடிடணும், அது மூக்கைக் கொன்னுட்டுதுன்னு அர்த்தம்.

உள்ளங்கால் நனைந்தது.

கதவின் அடியிலிருந்து தண்ணீர். மழைத் தண்ணீர் சில்லென்றிருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது, உடம்புச் சூட்டில். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் பாதத்தடியில் தேங்கியிருந்தது. காலை எடுக்கப் பார்த்தான். யாருடைய கால்? அவனுடையதா?

போன் அடித்தது. சுகுமார்.

"மச்சான், ரிப்போர்ட் வந்துச்சு. ஜீவிதாதானே? கன்ஃபார்ம் பண்ணு, வக்கீல் பக்கத்துலதான் இருக்காரு."

ஆமா என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"இல்லை."

"என்னடா? அப்ப உன்னோடதா?"

ஆமா. ஆமா, என்னுடையதுதான், அவள் பேரை எடுத்துவிடு. இப்போது உண்மையாகவே சொல்லத் துடித்தான். நெஞ்சு முழுக்க அந்த ஒரே சொல் முட்டிக்கொண்டு நின்றது.

"இல்லை."

"குரலே ஒரு மாதிரி இருக்கு. காலேப்தானே பேசறது?"

"இல்லை."

"சுத்தமா சிக்னல் இல்ல. சரி விடு, நீ எழுதியிருக்கறதையே குடுத்துடறேன்."

கட் ஆனது. காலேப் கத்தினான். உள்ளே கத்தினான். உதடு அசையவில்லை. மேஜைமேல் போன் மறுபடி ஒளிர்ந்தது. ஜீவிதா. ஒளிர்ந்தது. ஒளிர்ந்தது. அணைந்தது.

படியில் செருப்புச் சத்தம். பாட்டு முனகல். ஜெரூஷா.

வேண்டாம். உள்ளே வராதே.

அவனுடைய கைகள் நாற்காலியை நகர்த்தின. சங்கிலியை எடுத்தன. தாழ்ப்பாளை விலக்கின. அவன் விலக்கச் சொல்லவில்லை.

வாசலில் அவள் மட்டும்தான் நின்றாள், குடையை உதறிக்கொண்டு. கண் தரைக்குப் போயிற்று.

"ஐயோ ஹால் பூரா தண்ணி. பால்கனிக் கதவைச் சாத்தலையா நீங்க?"

"இல்லை."

"சொல்லிட்டுத்தானே போனேன். எங்க நிக்கறேன், என்ன செய்யறேன்னே தெரியாது உங்களுக்கு, அந்த லேப்டாப் முன்னாடி உட்கார்ந்துட்டா." செருப்பைக் கழற்றினாள்.

வேண்டாம்.

வெறுங்காலை வைத்தாள். முனகிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோபத்தில் சுருங்கிய புருவம் சுருங்கியபடியே இருந்தது. அதற்குக் கீழே கண்கள் மட்டும் அவனை வெறித்தன, அங்கிருந்து அவளும் கத்திக்கொண்டிருந்தாள்.

எதிர் வீட்டில் ஷீலா மிஸ் மாலைகளில் டியூஷன் எடுப்பார். கரண்ட் இல்லாததால் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்து, எமர்ஜென்சி லைட்டில் பிள்ளைகளை வரிசையாகப் பாயில் உட்கார்த்தியிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"என்ன ஜெரூஷா, பிராக்டிஸ் முடிஞ்சுதா?"

"இல்லை."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லை."

"நல்லாத்தான் இருக்கீங்கன்னு எடுத்துக்கறேன் போங்க," என்று ஷீலா மிஸ் சிரித்தார்.

தண்ணீர் வராந்தாவைக் கடந்தது. விளிம்பில்லாமல், ஒலியில்லாமல். எதிர் வீட்டு வாசற்படியைத் தொட்டது. ஏறியது. பாயின் ஓரம் கறுத்தது. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

காலேப் பார்த்தான். பார்க்க மட்டும் முடிந்தது.

"போதும், எல்லாரும் நிமிருங்க, யார் யார் வந்திருக்கீங்க? ஐசக்?"

"இல்லை."

குபீரென்று சிரிப்பு. ஷீலா மிஸ்ஸும் சிரித்தார்.

"வாலு. ஜோஷ்வா?"

"இல்லை."

சிரிப்பு குறைந்தது.

"ஜெபின்?"

"இல்லை."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பென்சில்கள் பாயில் உருண்டன. பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தார்கள், தாங்கள் மிக ஆழத்தில் இருப்பதுபோல, மேலே எங்கோ ஒரு சின்ன வட்டமாக வானம் தெரிவதுபோல. ஒருவர் கண்ணும் இமைக்கவில்லை.

ஷீலா மிஸ் தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். சொட்டியது. சுற்றும் முற்றும் பார்த்தார், பக்கத்திலேயே இருந்த யாரோ எழுந்து போய்விட்டாற்போல. பிறகு இருட்டைப் பார்த்து, மிக மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஷீலா?"