டேங்கிலிருந்து வந்த பதில்

வெம்பக்கோட்டை போகும் பாதையில், மூடிக் கிடந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள் எங்கள் லாரி நுழைந்தபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அங்கே குடோன் கட்டப் போகிறார்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால், மண்ணுக்குள் போகும் கரண்டுக் கேபிளையும் குடிதண்ணீர்க் குழாயையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் வேலையில் கடப்பாரைக்கு இடமில்லை. நான் ஒரு குழாயால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பேன். என் தங்கை வேல்விழியின் புருஷன் முத்துப்பாண்டி, இன்னொரு தடித்த குழாயால் அந்தச் சேற்றை லாரி டேங்குக்குள் உறிஞ்சுவான். கேபிளில் ஒரு கீறல் விழாது. இந்த இடத்தில் கடப்பாரை போடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெடிமருந்து கலந்த மண்ணில் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

குழிப் பக்கம் ஆள் வராமல் பார்த்துக்கொள்ள வெள்ளைத்தாய் நின்றாள். முன்பு இதே கம்பெனியில் வேலை பார்த்தவள்.

"சுடலையண்ணே, வேற பக்கம் தோண்டுங்க. வெடிச்ச ரூமு இங்கனதான் இருந்துச்சு."

"கேபிளு இங்கனதானக்கா படுத்துருக்கு. தள்ளிப் படுன்னு சொல்லவா?" என்று சிரித்தான் முத்துப்பாண்டி.

"சிரி தம்பி, சிரி. அன்னைக்கு எல்லாரையும் அள்ளிட்டாக. எங்கூடத் திரி சுத்துன இருளம்மா மட்டும் கெடைக்கல. ஒரு வளையலுகூட கெடைக்கல."

நான் தண்ணீரைத் திறந்தேன்.

கரிசல் மண் கரைந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு அடுக்கு வந்தது. முடி கருகின மாதிரி ஒரு வாடை. வெடித்த பிறகு மண்ணுக்குள் பல வருஷம் கிடந்தும் அந்த வாடை போகவில்லை. கேபிளின் கறுப்பு முதுகு லேசாகத் தெரிந்த நேரம், உறிஞ்சுகிற குழாய் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பெரிதாக எதையோ விழுங்கித் தொண்டையில் மாட்டிக்கொண்டதுபோல் மோட்டார் கத்தியது. அணைத்துவிட்டோம்.

அடைப்பு டேங்குக்குள் இருந்தது.

"என்னலே நின்னுபோச்சு? ஜேசிபிக்காரன் காத்துக் கெடக்கான்," என்று வேப்பமர நிழலிலிருந்து சத்தம் போட்டார் சூப்பர்வைசர் பெத்தணன்.

"நான் எறங்குதேன் மச்சான். நெறமாசக்காரிய ஒத்தையில விட்டுட்டு வந்துருக்கேன். சீக்கிரம் முடிச்சிட்டுப் போவோம்," என்றான் முத்துப்பாண்டி.

இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டுவோம். மேலே மூடி திறந்த இடத்தில் நிற்கிறவன் விடாமல் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவன் பதில் சொல்ல வேண்டும். பதில் நின்றால் உடனே இழுத்துவிட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

அவன் தலை இருட்டுக்குள் மறைந்தது.

"மாப்ள!"

"இருக்கேன்."

உச்சி வெயில். டேங்கின் தகரம் காலைச் சுட்டது. ஆனால் திறந்த வாயிலிருந்து என் முகத்தில் அடித்த காற்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குளிர்ந்து கிடந்தது.

"மாப்ள!"

"இருக்கேன்."

உள்ளே மண்வெட்டி சுரண்டும் சத்தம் நின்றிருந்தது.

"அடைப்ப எடுத்துட்டியா?"

"இருக்கேன்."

"வெளையாடாத மாப்ள."

"இருக்கேன்."

மறுபடி கூப்பிட மூச்சை இழுத்தேன். இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"இருக்கேன்."

கீழே ஏணிப் பக்கம் நின்ற வெள்ளைத்தாயின் முகம் வெளுத்திருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே... உள்ள யாரு பேசுறது?"

"மாப்ளதான்."

"பொம்பளக் குரலு கேக்குதுண்ணே."

அதுவரைக்கும் எனக்கு முத்துப்பாண்டி குரலாகத்தான் கேட்டிருந்தது.

டார்ச்சை உள்ளே அடித்தேன். சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தான். கண் சொருகியிருந்தது. சேறு உதடு வரை வந்திருந்தது. வாய் மூடியிருந்தது.

"இருக்கேன்," என்றது டேங்கு.

கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. ஒரு ஆளின் கனம் எனக்குத் தெரியும். எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறேன். இது ஒரு ஆளின் கனம் இல்லை. வெள்ளைத்தாய் ஏறி வந்து என்னோடு கயிற்றைப் பிடித்தாள். கீழே பெத்தணன் ஆம்புலன்சுக்குப் போன் பேசிக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. கயிறு உள்ளேதான் போனது, கொஞ்சம் கொஞ்சமாக.

அப்போதுதான் அவள் டேங்கின் வாயில் முகத்தை வைத்துக் கிசுகிசுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து திரி சுற்றுகிறவளிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"இருளு... நாந்தாண்டி, வெள்ளத்தாயி. அவன் பொண்டாட்டி புள்ளத்தாச்சிடி. அவன விட்டுரு. ஒத்தையில கெடக்க முடியலன்னா நீயும் மேல வா. வந்துரு."

குளிர்ந்த காற்று நின்றது.

கயிறு சட்டென்று இளகியது. இளகியது மட்டுமில்லை, கீழேயிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளுவதுபோல் அவன் மேலே வந்தான். வெளியே இழுத்துப் போட்டோம். நெஞ்சை அமுக்க அமுக்க, கறுப்பாகத் தண்ணீரைக் கக்கினான். மூச்சு வந்தது.

"இருளு போயிட்டா அண்ணே. நல்லவ. சொன்னா கேட்டுக்கிடுவா," என்று வெள்ளைத்தாய் அழுதாள்.

நான் டேங்குக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: பழைய மருந்து ஊறின சேற்றிலிருந்து விஷக் காற்று கிளம்பியிருக்கிறது, இறங்கின உடனே மயங்கியிருப்பான். பதில் சொல்லிக்கொண்டே இருந்தான் என்றேன். அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "வாய்ப்பே இல்லைங்க. உங்களுக்கும் கொஞ்சம் காற்று ஏறியிருக்கும்."

இருக்கலாம் என்று நானும் நம்பப் பார்த்தேன்.

சாயங்காலம் வேல்விழி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். அவள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பாருண்ணே, எம்புட்டு நல்லா மூச்சு விடுதாக."

பார்த்தேன்.

அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. மாஸ்க் வெள்ளையாக மங்கித் தெளிந்தது.

அடுத்த மூச்சுக்கு முன்னால் நெஞ்சு அசையாமல் கிடந்தது.

அந்த இடைவெளியில் மாஸ்க் மறுபடி மங்கியது, இன்னொரு மூச்சில்.