இழுத்தால் திறக்காத அலமாரி

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்றைக்கு ஒரு திருட்டுக் கதை. தடயம் எதையும் முந்தானையில் முடிந்து ஒளித்துவைக்க மாட்டேன். எல்லாம் உங்கள் கண்முன்னேதான் கிடக்கும்.

ஒரு நகரசபை. அங்கே ஒரு சட்டம்: இரண்டு தடவைக்கு மேல் எவரும் தலைவராக இருக்கக்கூடாது. கூடவே ஒரு வழக்கம்: போகிறவர், வருகிறவர் கழுத்தில் வெள்ளிச் சங்கிலியைப் போடவேண்டும். சங்கிலி கைமாறும்வரை பழையவரே தலைவர்.

கைமாறவேண்டிய அன்று காலை ஒன்பது மணிக்குச் சபைக்கூடத்தைத் திறந்த பியூன் அலறினார். சுவரோரத்து இரட்டை அலமாரிகளில் இடப்பக்கத்தது வாயைப் பிளந்து நின்றது. கைப்பிடி பிய்ந்து தரையில் கிடந்தது. கதவோரத்தை எதையோ விட்டு நெம்பியிருந்தார்கள். சங்கிலிப் பெட்டி காலி.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மா, பழைய தலைவருக்கு உடன்பிறந்த தங்கை. ‘அண்ணன் ஆளுறார், தங்கச்சி அடைக்கிறாங்க’ என்று ஊரில் கேலி உண்டு. அவர் முதலில் வாசல் பூட்டைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஜன்னல் கம்பிகளும் அப்படியே.

“சாவி யார்கிட்ட?”

“மூணு சாவிங்க மேடம். பியூன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, ஐயாகிட்ட ஒண்ணு,” என்றார் குமாஸ்தா.

“அலமாரிக்கு?”

“அதுக்குப் பூட்டே இல்லைங்க. கூடத்துக்குத்தான் பூட்டு இருக்கேன்னு ஒரு தைரியம்.” பிய்ந்த கைப்பிடியைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். “இது பழகினவங்க கை இல்லைங்க.”

“அதான் சொல்றேன்,” என்று தலைவர் முன்னால் வந்தார். கூட்டத்திலேயே சட்டையின் மேல்பட்டன் இரண்டைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்காருகிற மனிதர். அன்று கழுத்துவரை பூட்டியிருந்தார். வியர்வை வழிந்தது. “தொண்டை கட்டிருக்கும்மா,” என்றார் தங்கையிடம். “இதுல யோசிக்க என்ன இருக்கு? பியூன் சாவியைக் குடுத்திருப்பான். வெளியாளு வந்து தூக்கிட்டுப் போயிட்டான். முதல்ல அவனைப் பிடி.”

அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத தங்கை. ஊரே பார்க்கப் பியூனை நடைபாதையில் நிறுத்தினார். அவர் பையைக் கவிழ்க்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, பேத்திக்கு வாங்கிய சிவப்பு ரிப்பன்.

“டப்பாவையும் கிளறிடுங்கம்மா,” என்றார் பியூன். “உள்ள சங்கிலி இருந்தா எனக்கும் ஆச்சரியம்தான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஓய்வுபெறும் வயது அவருக்கு. கைதானால் வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு.

அதற்குள் புதிய தலைவி வந்துவிட்டார். ஊருக்குத் தையல்காரம்மா. “பதினோரு மணிக்குச் சங்கிலி இல்லன்னா என்ன ஆகும்?”

“கிடைக்கிற வரைக்கும் ஐயாவே தொடர்வாருங்க,” என்றார் குமாஸ்தா.

“நல்லா இருக்கே! கழுத்து இங்க காத்துக்கிட்டிருக்கு, மாலை ஊர் சுத்தப் போயிடுச்சு.”

தலைவருக்கு இருமல் வந்தது. “தண்ணி கொண்டாய்யா.”

குமாஸ்தா வலப்பக்க அலமாரிக்குப் போனார். கைப்பிடியைச் சற்றே மேலே தூக்கினார், கதவின் அடியில் முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தமில்லாமல் திறந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“எப்பவும் இப்படித்தானா?” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

“மழையில ஊறிப்போன மரங்க. ரெண்டும் ஒரே தச்சர் செஞ்சது. இழுத்தா வராது. இங்க வேலை செய்யிற எல்லாருக்கும் கை தன்னால போயிடும்.”

இன்ஸ்பெக்டரம்மா தரையில் கிடந்த கைப்பிடியைப் பார்த்தார். கண் தானாக நடைபாதைக்குப் போயிற்று. அங்கே பெஞ்சின் மேல் கவிழ்த்த பை அப்படியே கிடந்தது. பியூன் அதைத் தொடவில்லை.

“அண்ணா, எனக்கும் ஒரு டம்ளர் வேணும்.”

“குமாஸ்தா!”

“அவர் வேணாம். நீயே எடுத்துக் குடு.”

தலைவர் சிரித்துக்கொண்டே போனார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அலமாரியின் அடியில் காலை ஊன்றி இழுத்தார். கைப்பிடி பிய்ந்து கையோடு வந்தது.

இன்ஸ்பெக்டரம்மா அதை வாங்கி, தரையில் கிடந்த கைப்பிடியின் பக்கத்தில் வைத்தார்.

“வாசலைத் திறந்தது சாவி,” என்றார் தங்கை. “பியூன் வெளியாளை அனுப்பியிருந்தா, கைப்பிடியைத் தூக்கிக் கதவைத் தட்டணும்னு சொல்லியே அனுப்பியிருப்பார். சாவி வச்சிருக்கிற மூணு பேர்ல, இதைத் திறக்கத் தெரியாத ஆளு நீ ஒருத்தன்தான் அண்ணா. இத்தனை வருஷமும் யாராவது உனக்குத் திறந்து குடுத்துக்கிட்டே இருந்தாங்க. சங்கிலி காணாமப்போனா நாற்காலி உனக்குத்தான். பட்டனைக் கழட்டு.”

தலைவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனியனுக்கு மேலே வெள்ளிச் சங்கிலி மின்னியது.

“நேத்து சாயங்காலம், கடைசியா ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்னுதான் வந்தேன். கழட்ட மனசு வரல,” என்றார். “இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான். நாற்காலி மரம்தான், ஆனா வேர் விடக்கூடாதுன்னு மேடை மேடையா கத்தினேன்.” தலை தொங்கிவிட்டது. “எடுத்ததைக்கூட விடும்மா. அந்த மனுஷன் மேல பழியைப் போட்டேன் பாரு…”

“பதினோரு மணிக்கு உன் கையாலயே போட்டுவிடு. அப்புறம் ஸ்டேஷனுக்கு வா. இந்தக் கேஸை நான் எழுதமாட்டேன், வேற அதிகாரி எழுதுவார். முதல்லயே அப்படிச் செஞ்சிருக்கணும்.”

அப்படியே நடந்தது. கழுத்தில் விழுந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துத் தையல்காரம்மா, “இன்னும் சூடா இருக்கே,” என்றார். யாரும் கைதட்டவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா நடைபாதைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு, கவிழ்த்ததைத் தன் கையாலேயே பையில் எடுத்துவைத்தார். டப்பா, கண்ணாடி. ரிப்பனை மட்டும் சுற்றத் தெரியவில்லை. விரலில் சிக்கிக்கொண்டே இருந்தது.

“அண்ணன் சொன்னாருன்னு கண்ணை மூடிட்டேன். மன்னிச்சிடுங்கய்யா.”

பியூன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டினார்.

“ரிப்பனைக் குடுங்கம்மா. கசங்குது.”

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கதவுகள் உங்கள் கைக்கே திறக்கட்டும். எழுந்து இடம்விடவேண்டிய நேரத்தில் எழுந்துவிடும் மனசு உங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாய்க்கட்டும். அடுத்தவர் சோற்றுப் பை உங்கள் வாசலில் ஒருநாளும் கவிழாதிருக்கட்டும். நல்லா இருங்கள்.