நாடாவாக நடிக்கும் வட்டு

மாலையில் அடுப்பை அணைத்ததும் காதுக்குப் பின்னால் கம்பியைச் செருகிக்கொண்டு உட்காருவோம். அன்றைய நாள் வீட்டு சர்வருக்குள், அந்த வழங்கிக்குள் இறங்கும். மறதிக் காய்ச்சல் வந்துபோன பிறகு யார் தலையிலும் நினைவு ஒரு தூக்கத்தைத் தாண்டுவதில்லை. காலையில் பழைய நாட்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டுதான் பல் துலக்குவோம்.

சேமிப்பில் இல்லாததை வாயால் சொல்லக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆரம்பத்தில் ஆளாளுக்குச் சொல்லப்போய்ப் பல பேருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இப்போது யாருக்கு எது ஏறுகிறதோ அதுதான் அவருக்கு நடந்தது.

போன வாரம் எங்கள் தெரு வழங்கிகளைப் புதிய வட்டுக் கிடங்கோடு இணைத்தார்கள். மெய்நிகர் நாடா நூலகம் என்று பெயர். நினைவுகளைச் சேமிக்கும் வாரியத்தின் பழைய மென்பொருளுக்கு நாடாவில், அதாவது டேப்பில் எழுத மட்டும்தான் தெரியும். அதை மாற்ற யாருக்கும் உடம்பு வணங்கவில்லை. அதனால் வட்டே, அந்த டிஸ்க்கே, டேப் மாதிரி நடிக்கிறது.

இணைத்த மறுநாள் காலை எனக்கு ஏறிய நினைவில் என் மகன் துறைமுகக் கரையில் கிடந்தான். படகு கவிழ்ந்திருந்தது. மணல் ஒட்டிய பாதத்தை மடியில் வைத்துத் துடைத்தேன். சாயங்காலமே அடக்கம்.

எனக்கு மகன் கிடையாது. மூன்று வயது மகள் ஜோவிதா மட்டும்தான். இறந்தவன் பக்கத்து வீட்டு ஞானத்தாய் அக்காவின் மகன் மிக்கேல். அழுகை வரவில்லை. சோறு வடித்துவிட்டு வாரியத்து ஆள் தவசியைக் கூப்பிட்டேன்.

"டேப்பு நிக்காம ஓடணும்னு அந்தக் காலத்துல ரெண்டு மூணு வீட்டு நெனப்ப ஒரே டேப்புல மாத்தி மாத்தி எழுதுவாங்க," என்றான். "டிஸ்க்குக்கு அது தேவையே இல்லக்கா. வீட்டுக்கு ஒண்ணு ஒதுக்கலாம். பழக்கதோஷத்துல அப்படியே விட்டுட்டாங்க. அன்னைக்கு ஒங்க வீடும் அவங்க வீடும் கலந்துபோச்சு."

"பிரிக்க முடியுமா?"

"நீங்க கேட்டாலே போதும். ஆனா சனிக்கிழம அந்த மூலப் பதிவு மேல வேற எழுதிரும். அதுக்குப் பொறவு இப்ப ஏறுறதுதான் நெலைக்கும், ஒண்ணும் செய்ய முடியாது."

"பிரிச்சா?"

"ஒங்களது ஒங்களுக்கு. அவங்களது அவங்களுக்கு."

என்னுடையது எது என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தெரிந்தது.

"பிரிஸ்கா, ஏதோ ஒரு புள்ள ஏங் கன்னத்தப் புடிச்சு மொத மொதல்ல அம்மாங்குது," என்றார் அக்கா. "யாரு புள்ளன்னே தெரியல. நெனச்சாலே சிரிப்பா வருது. மிக்கேல் கடல்லேந்து வரட்டும், அவங் கல்யாணத்தப் பேசி முடிக்கணும்."

பேச்சு வராமல் இருந்தவள் ஜோவிதா. இப்போது நாளெல்லாம் அம்மா என்கிறாள். எப்போது தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. மிக்கேலின் அடக்கத்துக்குத் தெருவே போயிருந்தது. இப்போது தெருவே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை தவசி வாசலில் நின்றான்.

"பிரிச்சிரவாக்கா?"

எனக்கு என் பிள்ளையின் குரல் வேண்டும். அந்தக் குளிர்ந்த பாதம் வேண்டாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டில் வாவல் மீன் வறுபடும் வாசனை வந்தது. ரெண்டு துண்டு மிக்கேலுக்கு எடுத்து வைத்திருப்பதாக அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தவசி," என்றேன்.

இன்று காலையும் ஏற்றிக்கொண்டேன். மகன் கரையில் கிடந்தான். பாதத்தைத் துடைத்தேன். நாளைக்கும் துடைப்பேன்.

ஜோவிதா எழுந்து வந்து, "அம்மா," என்றாள். முதல் தடவை எப்படிச் சொன்னாள் என்று ஞானத்தாய் அக்காவிடம்தான் கேட்க வேண்டும். கேட்கக் கூடாது.