பட்டியலில் ஒரே ஒரு டாக்டர்

டிரிங்ங்... டிரிங்ங்...!

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து போனை எடுத்தாள் தையல்காரி.

இன்ஷூரன்ஸ் கம்பெனி!

"மேடம், உங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு அனுமதி இல்லை. நீங்க சொல்ற சர்ஜன் எங்க நெட்வொர்க்ல இல்லை."

"ஐயோ! மூளைக்குள்ள ரத்தக்குழாய் வீங்கியிருக்குங்க. எப்ப வெடிக்கும்னே தெரியாது! அதைச் செய்யறவர் அவர் ஒருத்தர்தான்!"

"எங்க பட்டியல்லயும் ஒருத்தர் இருக்காரே! அட்ரஸ் எழுதிக்கோங்க."

கட்டிலில் கணவன். பஸ் டிரைவர். ஊரையே ஏற்றி இறக்கியவன், இப்போது தலையைத் திருப்பவே பயந்து படுத்திருந்தான்.

ஓடினாள். இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க மணியை அடித்தாள்.

திறந்தது டாக்டரின் மனைவி.

"டாக்டரைப் பார்க்கணும்மா..."

"அவர் போய் ரெண்டு வருஷமாச்சும்மா."

"எங்கே போயிட்டார்?"

அந்த அம்மாள் மேலே கையைக் காட்டினாள்.

தையல்காரி படியிலேயே உட்கார்ந்து போன் போட்டாள்.

"சார்! உங்க டாக்டர் செத்துட்டார்!"

"கம்ப்யூட்டர்ல இருக்காரே மேடம்."

"நான் அவர் வீட்டு வாசல்லதான் உட்கார்ந்திருக்கேன்!"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. 'என்னால இந்த ஆபரேஷன் செய்ய முடியாது'ன்னு அவர்கிட்டயே ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க."

அடப்பாவி!

அழுதாள். கெஞ்சினாள். கத்தினாள்.

"சரி சரி, அழாதீங்க மேடம். எங்க நிபுணர் பார்வைக்கு அனுப்பறேன். அவர் சொல்றதுதான் முடிவு."

மூன்று நாள் போனது. கணவன் தும்மினால்கூட இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நான்காம் நாள் கவர் வந்தது. கிழித்தாள்.

'பரிசீலித்தேன். நெட்வொர்க்கிலேயே செய்யலாம். நிராகரிக்கிறேன்.'

கீழே நேற்றைய தேதி. நிபுணரின் கையெழுத்து. பெயர். பட்டம். அட்ரஸ்...

அதே மூன்றாவது மாடி!

செத்துப்போன டாக்டர் நேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

உடனே கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"சார்... இது மோசடி! செத்தவர் எப்படி சார் கையெழுத்துப் போடுவார்?"

"திருப்தி இல்லேன்னா அப்பீல் பண்ணுங்க மேடம். நம்ம நிபுணரே மறுபடியும் நல்லாப் பார்ப்பார்!"

டொக்.

தையல்காரி சுவரோரம் சரிந்தாள். இனி யாரிடம் போவாள்? யார் காலில் விழுவாள்?

"என்னங்க... எனக்கு ஒண்ணுமே ஓடலைங்க..."

தலையைத் திருப்பாமலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான் கணவன்.

"விடும்மா, அழாதே. இவங்க இப்படியே இழுத்தடிச்சா, அந்த டாக்டரை நானே நேர்ல பார்த்துக் கேட்டுக்கறேன்!"